அச்சேறாத புத்தகத்துக்கு முன்பணம்: மேசைக் கதை விளையாட்டுகளும் கூட்டு நிதியும்

1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான லேக் ஜெனீவாவில், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் முதல் பதிப்பு வெளிவந்தது. மொத்தமே ஆயிரம் பெட்டிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய விதிகள் தயாராக இருந்தன, அச்சுக்கூலிதான் இல்லை. கைகாக்ஸும் அவர் நண்பர் டான் கேயும் தொடங்கியிருந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தில் பிரையன் புளூம் மூன்றாவது பங்காளியாகச் சேர்ந்து 2,000 டாலர் போட்ட பிறகே அச்சகத்துக்குப் போக முடிந்தது.

ஐம்பது ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், ப்ராதர்வைஸ் கேம்ஸ் நிறுவனம் எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனின் கற்பனை உலகை வைத்து உருவாக்கிய ‘காஸ்மியர்’ என்ற விளையாட்டுக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தில் பணம் திரட்டத் தொடங்கியது. அச்சேறாத அந்தப் புத்தகங்களுக்கு ஏறத்தாழ 55,000 பேர் சேர்ந்து 1.51 கோடி டாலர் முன்பணம் கட்டினார்கள். அதே கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் கேட்டு, அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சேராமல் மூடப்படும் விளையாட்டுகளும் உண்டு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பொருளியலாளர்கள் ஒரு பதிலும், வணிகவியல் ஆய்வாளர்கள் இன்னொன்றும், விளையாட்டை எழுதுபவர்கள் வேறொன்றும் சொல்லி வந்திருக்கிறார்கள்.

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. என்று ஆடுபவர்கள் சொல்வதை இங்கே மேசைக் கதை விளையாட்டு என்று குறிக்கலாம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, ஒருவர் கதையை நடத்த, பகடை உருட்டி ஆடுவது. இதற்கு வேண்டிய முதன்மைப் பொருள் புத்தகம். காய்களும் பலகையும் நிறைந்த பெட்டி விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் தயாரிப்புச் செலவு குறைவு. வாங்குபவர் கூட்டமும் சிறியது: ஐந்து பேரில் ஒருவர் புத்தகம் வாங்கினாலே ஆட்டம் நடந்துவிடும். கூட்டு நிதி பற்றிய பொதுவான விளக்கங்கள் இந்தத் துறைக்குள் நுழையும்போது கொஞ்சம் கோணிப்போவதற்கு இது ஒரு காரணம்.

எதை வெற்றி என்பது?

கிக்ஸ்டார்ட்டர் 2009 ஏப்ரலில் தொடங்கியது. இலக்குத் தொகை குறித்த நாளுக்குள் சேர்ந்தால் முழுப் பணமும் கைக்கு வரும். ஒரு டாலர் குறைந்தாலும் யாரிடமிருந்தும் எதுவும் எடுக்கப்படாது. தளத்தின் சொந்தப் புள்ளிவிவரப்படி, எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேலான திட்டங்களே இலக்கை எட்டுகின்றன. பல ஆய்வுகள் இந்த எல்லைக்கோட்டையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்கின்றன. எண்ணுவதற்கு அது எளிது.

ஆனால் இலக்கை வைப்பவர் படைப்பாளிதான். ஈவில் ஹாட் நிறுவனம் 2012 டிசம்பரில் ‘ஃபேட் கோர்’ விளையாட்டுக்குக் கேட்டது 3,000 டாலர். 10,103 பேரிடமிருந்து சேர்ந்தது 4,33,365 டாலர். மேக்பை கேம்ஸ் 2021 ஆகஸ்டில் ‘அவதார் லெஜண்ட்ஸ்’ விளையாட்டுக்குக் கேட்டது 50,000. வந்தது 95 லட்சத்துக்கும் மேல். இப்படிப்பட்ட இலக்குகள் உண்மையான தயாரிப்புச் செலவைச் சொல்வதில்லை. முதல் நாளிலேயே ‘இலக்கை எட்டிவிட்டோம்’ என்று அறிவிக்க வசதியாகத் தாழ்த்தி வைத்தவையாகவே பலவும் தெரிகின்றன. இன்னொரு பக்கம், முதல் வாரத்தில் காற்று வாங்கும் திட்டத்தைப் படைப்பாளி தானே ரத்து செய்துவிட்டுச் சில மாதம் கழித்துத் திரும்பவும் தொடங்குவதுண்டு. ரத்தானதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுகிறது.

ஆகவே ‘தோல்வி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. பணம் சேராமல் போவது ஒன்று. பணம் சேர்ந்தும் புத்தகம் வராமல் போவது இன்னொன்று. புத்தகமும் வந்து, அதை அனுப்பி வைத்த நிறுவனமே படுத்துவிடுவது மூன்றாவது. விளக்கங்கள் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றும் இடங்களில், பல சமயம் அவை வெவ்வேறு தோல்விகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன.

கையொப்பம், பணயம், முன்பணம்

முதல் விளக்கம் கூட்டு நிதியை ஒரு பழைய ஏற்பாட்டின் புதிய வடிவமாகப் பார்க்கிறது. அலெக்சாண்டர் போப் ஹோமரின் இலியட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, 1715 முதல் வெளிவந்த ஆறு தொகுதிகளுக்கும் முன்கூட்டியே பணம் கட்ட 575 பேர் பெயர் கொடுத்தார்கள். நமக்கும் இது புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புத்தகம் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் வாங்கியே செலவைச் சமாளித்தார். இன்றும் தமிழ்ப் பதிப்பகங்கள் பெருநூல்களுக்கு ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ அறிவிக்கின்றன.

இணைய வடிவத்தின் கோட்பாட்டு முன்னோடியாகப் பலரும் சுட்டுவது, ஜான் கெல்சியும் புரூஸ் ஷ்னையரும் 1999-இல் எழுதிய கட்டுரையை. தெருவில் வித்தை காட்டுபவர் ‘தட்டில் இவ்வளவு விழுந்தால் அடுத்த வித்தை’ என்று சொல்வதுபோல, போதிய பணம் சேர்ந்தால் படைப்பைப் பொதுவில் விட்டுவிடலாம் என்பது அவர்கள் யோசனை. அதை மேசைக் கதை விளையாட்டில் நடைமுறைப்படுத்தியவர் கிரெக் ஸ்டோல்ஸி. கிக்ஸ்டார்ட்டர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எழுதி முடித்த சிறு விளையாட்டுகளைப் ‘பணயமாக’ வைத்து, கேட்ட தொகை சேர்ந்ததும் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். பொருளியலாளர் ரோலண்ட் ஸ்ட்ராஸ் 2017-இல் இதே ஏற்பாட்டைக் கோட்பாட்டு மொழியில் விளக்கினார்: வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில், அச்சடிப்பதற்கு முன்பே தேவையை அறிந்துகொள்ளக் கூட்டு நிதி உதவுகிறது, அதே சமயம் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடும் ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆயிரம் பிரதி அச்சடித்து எழுநூறு பிரதி பரணில் தூங்கும் நிலை, எந்தச் சிறு பதிப்பாளருக்கும் நன்றாகத் தெரிந்ததுதான். அந்த ஆபத்தைக் கூட்டு நிதி எப்படிக் குறைக்கிறது என்பதை இந்த விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பத்தாயிரம் பேர் ஏன் ‘ஃபேட் கோர்’ வாசலில் நின்றார்கள், ஏன் இன்னொன்றின் வாசலில் நிற்கவில்லை என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை. இது சாலையைப் பற்றிப் பேசுகிறது, பயணிகளைப் பற்றி அல்ல.

கூட்டம் முன்பே கூடியிருந்தது

துறைக்குள் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் விளக்கம் இது: திட்டம் தொடங்கும் நாளில் கூட்டத்தைச் சேர்க்க முடியாது, ஏற்கெனவே கூடியிருந்தால் காட்டலாம், அவ்வளவுதான். இதன் வேர் கெவின் கெல்லி 2008-இல் எழுதிய ‘ஆயிரம் உண்மை ரசிகர்கள்’ என்ற புகழ்பெற்ற கட்டுரையில் இருக்கிறது. ஆண்டுக்கு நூறு டாலர் செலவழிக்கத் தயாராக ஆயிரம் பேர் இருந்தால் ஒரு படைப்பாளி பிழைத்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

அந்த நூறு டாலர் எப்படியோ இந்தத் துறைக்குப் பொருந்தி வருகிறது. மான்டி குக் கேம்ஸ் 2012-இல் நடத்திய ‘நியூமனேரா’ திரட்டில் 4,658 பேர் தந்தது 5,17,255 டாலர், தலைக்கு 111. ஜான் விக் ப்ரெசன்ட்ஸ் 2016-இல் நடத்திய ‘செவன்த் சீ’ இரண்டாம் பதிப்பில் தலைக்கு 115. ‘அவதார் லெஜண்ட்ஸ்’ 81,567 பேர், தலைக்கு 117. தி ஆர்கேன் லைப்ரரியின் ‘ஷேடோடார்க்’ 2023-இல் தலைக்கு 103. நான்கு பெரிய வெற்றிகளை மட்டும் வைத்து விதி வகுக்க முடியாதுதான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம்: ஒருவர் இந்த விளையாட்டுக்குச் செலவிடும் தொகை பெரிதாக மாறாதபோது, வெற்றியின் அளவைத் தலை எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. விலக்குகள் இரு முனையிலும் உண்டு. மின்னூல்களையே பிரதானமாக வைத்து மலிவாகத் தந்த ‘ஃபேட் கோர்’ தலைக்கு 43 டாலரில் நின்றது. காய்கள், பகடைகள், சிறப்புப் பதிப்புகள் என்று அடுக்கிய ‘காஸ்மியர்’ தலைக்குச் சுமார் 275 டாலர் வாங்கியது. அவதாரைவிட ஆள் குறைவு, பணம் அதிகம்.

கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயங்கள் கிடைக்கின்றன. சாண்டர்சன் 2022 மார்ச்சில் நான்கு நாவல்களுக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 4.17 கோடி டாலர் திரட்டியவர். 1,85,000-க்கும் மேற்பட்ட வாசகர்கள் ஏற்கெனவே அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கிப் பணம் கட்டிப் பழகியிருந்தார்கள். மாட் கோல்வில் 2016 முதல் யூடியூபில் ஆட்டம் நடத்துவது எப்படி என்று பாடம் சொல்லி வந்தார். 2018-இல் அவர் அறிவித்த முதல் புத்தகத்துக்கு 28,000-க்கும் மேற்பட்டோர் 21 லட்சம் டாலர் தந்தார்கள். 2023 டிசம்பரில் அவருடைய நிறுவனம் பேக்கர்கிட் என்ற போட்டித் தளத்துக்கு மாறித் தன் சொந்த விளையாட்டுக்கு 46 லட்சம் திரட்டியது. தளம் மாறியும் கூட்டம் கூடவே போனது.

கல்வித்துறை ஆய்வுகளும் ஓரளவு இதே பக்கம் சாய்கின்றன. அஜய் அகர்வால், கிறிஸ்டியன் கடாலினி, அவி கோல்ட்ஃபார்ப் மூவரும் செல்லாபேண்ட் என்ற இசைத் தளத்தை ஆராய்ந்தபோது, முதலில் பணம் போடுவோர் பெரும்பாலும் படைப்பாளியின் நண்பர்களும் குடும்பத்தாரும் என்று கண்டார்கள். முகம் தெரியாதவர்கள் பிறகு வருகிறார்கள். குப்புசுவாமியும் பேயஸும் கிக்ஸ்டார்ட்டரில் கண்டது: தொடக்கத்திலும் முடிவிலும் பணம் குவிகிறது, நடுவில் வறள்கிறது. கொலம்போவும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. மற்றவர்களின் திட்டங்களுக்குப் பணம் போட்டிருக்கும் படைப்பாளிக்கே ஆரம்ப நாட்களில் ஆதரவு வேகமாக வருகிறது. மொய் நோட்டு தெரிந்த சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறு விளையாட்டுகளை எழுதுபவர்கள் ஒருவருக்கொருவர் மொய் வைத்துக்கொள்கிறார்கள். அதே ஐந்து டாலர் சுற்றிச் சுற்றி வருகிறதோ என்ற ஐயமும் கூடவே எழுகிறது.

இந்த விளக்கத்தின் குறை, அது பெரும்பாலும் பின்னோக்கிப் பார்த்தே சொல்லப்படுவது. வென்றவர்களுக்குக் கூட்டம் இருந்தது. கூட்டம் இருந்ததென்று எப்படித் தெரியும்? வென்றார்களே! ‘அவதார் லெஜண்ட்ஸ்’ விளையாட்டுக்கு மூலமான ‘அவதார்’ தொலைக்காட்சித் தொடரை உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். அதில் பணம் கட்டியவர்கள் எண்பத்தோராயிரம் பேர். ரசிகர் எப்போது வாங்குபவராக மாறுகிறார் என்பதைக் கூட்டத்தின் அளவு மட்டும் சொல்லிவிடாது. பெயர்பெற்ற படம், நாவல்களின் உரிமை வாங்கியும் சுமாராகவே போன விளையாட்டுகளை இந்த விளக்கம் தொடுவதேயில்லை.

தரமும் தரத்தின் அடையாளமும்

நல்ல விளையாட்டு வெல்லும் என்பது படைப்பாளிகளுக்குப் பிடித்த விளக்கம். ஈதன் மோலிக் 2014-இல் ஏறத்தாழ 48,500 திட்டங்களை ஆராய்ந்து, தரத்தைக் காட்டும் அறிகுறிகள் வெற்றியோடு சேர்ந்து வருகின்றன என்றார்: காணொளி இருப்பது, எழுத்துப்பிழை இல்லாதது, ஆரம்பத்திலேயே செய்தி பகிர்வது. அதே ஆண்டு தனுஸ்ரீ மித்ராவும் எரிக் கில்பர்ட்டும் 45,000 திட்டங்களின் மொழியை அலசி, எந்தச் சொற்றொடர்கள் வெற்றியோடு தொடர்புடையவை என்று பட்டியலிட்டார்கள். பிரதிபலன் தருவதாகச் சொல்லும் சொற்களுக்குச் செல்வாக்கு இருந்தது.

இவை தரத்தின் அடையாளங்களை அளக்கின்றன, தரத்தை அல்ல. கதை விளையாட்டு விஷயத்தில் இந்த இடைவெளி பெரிது. பணம் கட்டுகிறவர் அட்டை ஓவியத்தையும் இரண்டு பக்க மாதிரியையும் பார்க்கிறார். விதிகள் சரியாக ஓடுகின்றனவா என்பது ஐந்து பேரோடு பத்து வாரம் உட்கார்ந்தால்தான் தெரியும். சிலர் இந்த இடைவெளியைக் குறைக்கிறார்கள். ‘ஃபேட் கோர்’ பணம் கட்டியவர்களுக்கு உடனடியாக வரைவு நூலைக் கொடுத்தது. ‘ஷேடோடார்க்’ விதிகளின் சுருக்கத்தை முன்கூட்டியே இலவசமாக விட்டது. இவ்விரண்டும் நன்றாக ஓடியதைத் தரத்தின் வெற்றி என்பதா, திறந்த மனத்தின் வெற்றி என்பதா? பிரித்துப் பார்க்க வழி தெரியவில்லை. இருக்கும் விளக்கங்களில் சோதிக்க மிகக் கடினமானது இதுதான்.

நேரமும் காற்றும்

நான்காவது விளக்கம் திட்டத்துக்கு வெளியே பார்க்கிறது. 2023 ஜனவரி தொடக்கத்தில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்போது வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் புதிய உரிம வரைவு கசிந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் மற்றவர்கள் அந்த விளையாட்டின் அடிப்படை விதிகளைத் தாராளமாகப் பயன்படுத்த வழிசெய்திருந்த திறந்த உரிமத்தை அது மாற்ற முனைந்தது. ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 விழுக்காடு கப்பம்; கிக்ஸ்டார்ட்டர் வழியே திரட்டினால் 20 விழுக்காடு. ஆடுபவர்களும் எழுதுபவர்களும் கொதித்தெழுந்தார்கள். அந்த மாத இறுதிக்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், ‘ஷேடோடார்க்’ வந்தது. 13,249 பேர், 13,65,923 டாலர். பெரிய நிறுவனத்தின் பிடிக்கு வெளியே ஒரு மாற்று தேடியவர்கள் அலையாக வந்து சேர்ந்தார்கள் என்கிறது காலச்சூழல் விளக்கம். அதே ஆண்டு கோபோல்ட் பிரெஸ் தன் மாற்று விதிநூலுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டியதையும் சாட்சிக்கு அழைக்கலாம். ஆனால் ‘ஷேடோடார்க்’ எழுதிய கெல்சி டியோன் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சாகசக் கதைகளை வெளியிட்டு ஒரு வாசகர் வட்டத்தைச் சேர்த்திருந்தார். கூட்டம் பற்றிப் பேசுபவர்களுக்கும் அவரே சாட்சி. இலவச மாதிரி முன்பே சுற்றில் இருந்ததால் தரக் கட்சியும் உரிமை கொண்டாடுகிறது. 2024-இல் அது இந்தத் துறைக்கான என்னி விருதுகளில் நான்கு தங்கம் வென்றதையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே நிகழ்ச்சியை மூன்று தரப்பும் இவ்வளவு சுலபமாகத் தமதாக்கிக்கொள்ள முடிகிறதென்றால், தனித்தனி உதாரணங்களை அடுக்கி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்றே பொருள்.

தளங்களின் முடிவுகளும் சூழலின் பகுதிதான். கிக்ஸ்டார்ட்டர் 2019 பிப்ரவரியில் ‘ஸீன்குவெஸ்ட்’ என்ற முயற்சியைத் தொடங்கி, மெல்லிய கையேட்டு விளையாட்டுகளுக்கு ஒரு பருவத்தை உருவாக்கியது. பெயர் தெரியாத பலருக்கு முதல் வாய்ப்பு கிடைத்தது அங்கேதான். 2022-இல் அதை ஆகஸ்டுக்குத் தள்ளியபோது படைப்பாளிகள் பிப்ரவரியைத் தாங்களே கொண்டாடிக்கொண்டார்கள். மறு ஆண்டு தளமும் பிப்ரவரிக்கே திரும்பியது. 2021 டிசம்பரில் பிளாக்செயின் தொழில்நுட்பத்துக்கு மாறுவதாக அறிவித்ததும் கிக்ஸ்டார்ட்டர்மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சம் தளர்ந்தது. அடுத்த ஆண்டே பேக்கர்கிட் சொந்தமாக நிதி திரட்டும் தளத்தைத் திறந்தது. போலந்தின் கேம்ஃபவுண்ட் தளமும் வளர்ந்தது.

புத்தகத்தின் எடை

இதுவரை பார்த்த விளக்கங்கள் எல்லாம் பணம் சேரும் முப்பது நாளைப் பற்றியவை. ஐந்தாவது, அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியது. புகழ் குறைவான இந்த விளக்கத்துக்குத்தான் ஆதாரம் கெட்டியாக இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் பேர் தலைக்கு 40 டாலர் கட்டியதாக வைத்துக்கொள்வோம், உள்ளே 40,000. தளத்தின் 5 விழுக்காடும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து 8 விழுக்காடு என்றால் 3,200 போகும். அச்சுக்குப் பிரதிக்கு 8 டாலர், 8,000. எழுத்து, ஓவியம், பக்க வடிவமைப்புக்கு 18,000. கிடங்கும் பொதிகட்டலும் ஆளுக்கு 4, அதாவது 4,000. மிச்சம் 6,800. இப்போது, அந்த ஆயிரம் பேரில் 250 பேர் வெளிநாட்டவர். அவர்களுக்கான அஞ்சல் செலவு, வசூலித்ததைவிடப் பார்சலுக்கு 27 டாலர் கூடிவிடுகிறது. 6,750 போக, இரண்டு ஆண்டு உழைப்புக்குக் கையில் நிற்பது 50 டாலர். இதில் யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை. ‘இன்னும் ஐயாயிரம் சேர்ந்தால் கெட்டி அட்டை’ என்று ஆசை காட்டியிருந்தால் புத்தகத்தின் எடை கூடி, அஞ்சல் கட்டணம் அடுத்த படிக்குத் தாவியிருக்கும்.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. கேயாசியம் 1975-இல் தொடங்கிய, துறையின் மூத்த நிறுவனங்களில் ஒன்று. 2012-இல் ‘ஹாரர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ என்ற கனமான பெட்டிக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேலும், 2013-இல் ‘கால் ஆஃப் கதுலு’ ஏழாம் பதிப்புக்கு 5,61,836 டாலரும் திரட்டியது. எல்லைக்கோட்டு அளவுகோலில் இரண்டும் பெருவெற்றி. இடையில், 2013 ஜனவரியில், அமெரிக்க அஞ்சல் துறை வெளிநாட்டுப் பார்சல் கட்டணத்தைக் கணிசமாக உயர்த்தியது. வெளிநாட்டு ஆதரவாளர்களுக்கு அனுப்பும் செலவு நிறுவனத்தை மூழ்கடிக்கும் அளவுக்குப் போயிற்று. 2015 ஜூனில் நிறுவனர் கிரெக் ஸ்டாஃபோர்டு திரும்பி வந்து பொறுப்பேற்றார். அடுத்த மாதமே மூன் டிசைன் என்ற விளையாட்டுப் பதிப்பகத்தின் குழுவினர் உரிமையாளர்களாக உள்ளே வந்து பாக்கியை அடைக்கத் தொடங்கினார்கள்.

‘செவன்த் சீ’ கதை வேறு மாதிரி. 30,000 கேட்டு 13 லட்சம் டாலர் வாங்கிய திட்டம் அது. தொகை ஏற ஏற ‘கூடுதல் இலக்குகள்’ ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒவ்வொன்றும் ஒரு புதிய புத்தகம். 40 டாலர் கட்டியவருக்கும் அவை அத்தனையின் பி.டி.எஃப். உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் எழுத வேண்டியவை வரிசைகட்டி நின்றன. விற்கலாம் என்றால், வாங்கக்கூடிய ரசிகர்களில் பெரும்பாலோர் கையில் மின்னூல் ஏற்கெனவே இருந்தது. நிறுவனம் ஊழியர்களை விடுவித்தது. 2019 ஏப்ரலில் அந்த விளையாட்டை வாங்கிக்கொண்டது யார் தெரியுமா? கரையேறியிருந்த அதே கேயாசியம்.

மூன்றாவது வகை, எழுதி முடிக்காமலே பணம் வாங்குவது. 2011-இல் 717 பேரிடம் 49,324 டாலர் திரட்டிய ‘ஃபார் வெஸ்ட்’, அந்த ஆண்டு இறுதிக்குள் வருவதாகச் சொல்லப்பட்டது. பத்தாண்டு கடந்தும் காத்திருந்தார்கள். இது அரிதான எல்லை. எல்லாத் துறைகளையும் சேர்த்து மோலிக் 2015-இல் சுமார் 47,000 ஆதரவாளர்களிடம் நடத்திய கருத்தெடுப்பில், பணம் சேர்ந்த திட்டங்களில் 9 விழுக்காடே பொருளைத் தராமல் போனவை. தாமதம் வேறு சங்கதி: குறித்த நேரத்தில் தராதவை நான்கில் மூன்று பங்குக்கு மேல் என்று அவரே முந்தைய ஆய்வில் கண்டிருந்தார். அதிகமாகப் பணம் சேர்ந்தவை அதிகமாகத் தாமதித்தன.

சட்டமும் மெதுவாக உள்ளே வந்தது. 2014-இல் வாஷிங்டன் மாநில அரசு, பணம் வாங்கியும் தராத ஒரு சீட்டுக்கட்டுத் திட்டத்தின்மேல் வழக்குப் போட்டது. 2015 ஜூனில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் கூட்டு நிதி தொடர்பான தன் முதல் நடவடிக்கையை எடுத்தபோது, மாட்டியது ஒரு மேசை விளையாட்டுதான்: 1,22,000 டாலருக்கு மேல் திரட்டி, ஓராண்டில் கைவிடப்பட்ட ‘தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’. திரட்டிய பணம் வாடகை உள்ளிட்ட சொந்தச் செலவுகளுக்குப் போனதாக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 1,11,793 டாலர் கட்ட வேண்டும் என்ற உத்தரவு, கட்ட வசதியில்லை என்பதால் நிறுத்திவைக்கப்பட்டது. விளையாட்டை வேறொரு நிறுவனம் எடுத்து வெளியிட்டு, பணம் கட்டியிருந்தவர்களுக்குப் பிரதி கொடுத்தது.

இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. இலக்கையே எட்டாத திட்டங்களைப் பற்றி இதற்குச் சொல்ல எதுவும் இல்லை. புறக் காரணங்களையும் படைப்பாளியின் தவறையும் பிரிப்பது இங்கும் கடினம். 2021-இல் கப்பல் கண்டெய்னர் வாடகை பல மடங்கு எகிறியதும், 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்கள்மீது 145 விழுக்காடு வரை வரி விதித்ததும் எந்தத் திட்டப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த வரியில் அச்சுப் புத்தகங்கள் பெரும்பாலும் தப்பின. பகடைகளும் காய்களும் தப்பவில்லை. புத்தகத்தோடு நிறுத்திக்கொண்ட சிறு திட்டங்களுக்கு அது தற்செயலாகக் கிடைத்த கவசம்.

இன்னும் தீராதவை

பெரிய திட்டங்கள் சிறியவற்றை விழுங்குகின்றனவா, வளர்க்கின்றனவா? 2012-இல், ‘ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ என்ற டன்ஜன்ஸ் கேலிச்சித்திரத் தொடரின் மறுபதிப்புக்கு 12.5 லட்சம் டாலர் சேர்ந்த சமயத்தில், பெரிய திட்டத்துக்கு வந்தவர்கள் மற்றத் திட்டங்களுக்கும் பணம் போடுகிறார்கள் என்று கிக்ஸ்டார்ட்டர் தன் தரவைக் காட்டி வாதிட்டது. ஒவ்வொரு வாங்கலிலும் பங்கு பெறும் தளத்தின் வாதம் என்பதை மறக்க வேண்டியதில்லை. அன்று தளம் புதிது, புதியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு 275 டாலர் வாங்கும் இன்றைய திட்டத்துக்கும் அது பொருந்துமா என்று சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது.

வாங்கிய புத்தகங்கள் ஆடப்படுகின்றனவா என்பது அடுத்தது. அலமாரிக்குப் போகும் புத்தகமும் மேசைக்குப் போகும் புத்தகமும் தளத்தின் கணக்கில் ஒன்றுதான். அட்டை அழகுக்காகவே வாங்குவோர் பெருகினால், தர விளக்கம் விளையாட்டைவிட்டு ஓவியத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் கிக்ஸ்டார்ட்டர் விதித்தது, அந்த ஓவியத்தின் நம்பகத்தன்மைக்கே கேள்வி வந்துவிட்டதைக் காட்டுகிறது.

புவியியலும் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பியத் திட்டங்களைக் கொண்டே எழுதப்பட்டவை. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் 2024 நிலவரப்படி சிங்கப்பூர் உண்டு. இந்தியாவும் இலங்கையும் இல்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ விளையாட்டு எழுதுபவர் வெளிநாட்டில் ஒரு கூட்டாளியைத் தேடிக்கொண்டே இதற்குள் நுழைய முடியும். அப்படிப்பட்டவருக்கு எந்த விளக்கம் பொருந்தும் என்பதைச் சோதிக்கத் தரவு போதாது.

இப்போதைக்கு இவ்வளவு சொல்லலாம். இலக்கைத் தாண்டுவதற்கு, முன்பே கூடியிருந்த கூட்டம் என்ற விளக்கமே வட்டவாதக் குறையோடும் முன்னிலையில் நிற்கிறது. தாண்டிய பிறகு விழுவதற்கு எடையும் அஞ்சலும் அளவுக்கு மீறிய வாக்குறுதியும் போதுமான காரணங்கள். தரத்தின் பங்கு நிறுவப்படவில்லை. இல்லை என்றும் நிறுவப்படவில்லை. இப்படியொரு திட்டத்துக்குப் பணம் கட்ட நினைக்கும் வாசகர், எத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன் இரண்டு விவரங்களைத் தேடிப் பார்க்கட்டும்: கைப்பிரதி எழுதி முடிந்துவிட்டதா, அஞ்சல் செலவு யார் தலையில்?